பச்சை வாசனை போகும்வரை

ஜூன் 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகத் தயிர்ப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை உறை ஊற்றியது. ஃபிரிட்ஜில் வைக்காமல் மேடையிலேயே விட்டிருந்தேன். குஜராத்திகளின் ‘கடி’க்கு நன்றாகப் புளித்த தயிர்தான் வேண்டும் என்று எதிர்வீட்டு ஹர்ஷாபென் சொல்லியிருந்தார். இன்னும் புளிக்கவில்லை போலிருக்கிறது. மூடி வைத்துவிட்டுக் காபிக்கு வெந்நீர் வைத்தேன்.

மகள் ஆதிரைக்கு அகமதாபாத்தில் வேலை கிடைத்துவிட்டது. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரயில். அங்கே தினமும் தட்டில் விழப்போவது கடிதான், இங்கேயே பழகிக்கொள்ளட்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். கடி வகைகள் எல்லாம் நம் மோர்க்குழம்பின் வடக்கத்தி உறவினர்கள். ஊருக்கு ஒரு மாதிரி வைக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கப் போகிறேன்.

பத்து மணிக்கு ஹர்ஷாபென் வந்தார். வேப்பேரியில் பிறந்து வளர்ந்தவர். குஜராத்துக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் போவார். வாசலில் செருப்பை விடும்போதே முகத்தைச் சுளித்தார்.

"இன்னா வசு, தயிரு குப்புன்னு அடிக்குது! எப்போ தோச்சது?"

"நேத்து."

"நேத்தா? யார்கிட்ட கதை வுடுற? புளிச்ச தயிரு கேட்டா, நீ சாராயம் காய்ச்சி வெச்சிருக்கே."

சிரித்துக்கொண்டே பாதியைக் கொட்டிவிட்டு, தன் வீட்டுத் தயிரை எடுத்துவந்து கலந்தார். எனக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு என்று சொன்னேன்.

கடலை மாவு கரைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் இடித்துப் போட்டு, வெல்லம் சேர்த்து, நெய்யில் கிராம்பு, பட்டை, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்தோம். மஞ்சள் கிடையாது. வெள்ளை வெளேரென்று இருந்தது. "முதல் கொதி வர்ற வரைக்கும் கரண்டிய வுடக்கூடாது. போன் அடிச்சாலும் எடுக்காத. வுட்டா ஒண்ணு திரியும், இல்ல பொங்கும்" என்றார்.

மதியம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் தயாளன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல? கஞ்சி வெச்சிருக்க?" ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பாயசத்துல கைதவறி உப்பு விழுந்த மாதிரி இருக்கு. ஆனா வாசனை மட்டும் பிரமாதம்" என்றார்.

பிரமாதம் என்றார்.

ஜூன் 5, புதன்

நம் மோர்க்குழம்பு. தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. எண்ணெய்க் குப்பியை மூக்குக்குப் பக்கத்தில் வெகுநேரம் வைத்திருந்தேன். ஆதிரை வந்துவிட்டதால் தலைக்குத் தடவிக்கொள்வதுபோல் பாவனை செய்தேன்.

ஜூன் 6, வியாழன்

எழுதிவிடுவது நல்லது. எனக்கு வாசனை தெரியவில்லை.

எப்போதிலிருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொங்கலன்று ஏலக்காய் தெரிந்ததா? நினைவில்லை. வாசனை ஒரே நாளில் போயிருந்தால் பிடித்திருப்பேன். அது வேறு எதையோ செய்துகொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போயிருக்கிறது. நாக்கு உப்பைச் சொல்கிறது, புளிப்பைச் சொல்கிறது. கிராம்பைக் கடித்தால் காரம் மட்டும் தெரிகிறது, அது கிராம்பு என்பது தெரிவதில்லை.

கடிகளை அதனால்தான் எடுத்தேன். அடிப்படை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாவு, புளிப்பு, நீர். ஊர் மாறும்போது வாசனைதான் மாறுகிறது. ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றிலாவது ஏதாவது ஓர் இழை மூக்கில் சிக்காதா என்று பார்க்கிறேன். இதுவரை இரண்டு. இரண்டிலும் இல்லை.

அம்மாவுக்கும் முதலில் மூக்குதான் போனது. கும்பகோணம் வீட்டில் குழம்பு அடிப்பிடித்துக் கூடம் வரை புகை வரும். அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். சில வருடம் கழித்து வலது கட்டைவிரல், யாரோ கொடுத்த மாத்திரையை உருட்டுவதுபோல் ஆடத் தொடங்கியது. பிறகு நடை. பிறகு முகம். கடைசியில் சிரிப்பதற்கு முகம் இல்லாமல் போனது. மூக்கும் கையும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்று நரம்பு மருத்துவர் சொன்னபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் பத்து வருடம்கூட இருக்கலாம் என்றார். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது சொல்ல அவசியம் இருக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பஞ்சாபிக் கடி. வெங்காய பக்கோடா பொரித்து மிதக்கவிட வேண்டும். செய்முறையில் "மாவின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடவும்" என்று இருக்கிறது. இந்த வரியை வாழ்க்கையில் எத்தனை தடவை படித்திருப்பேன், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இன்று ஒரு அதிகாரியின் உத்தரவு மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்கவிட்டேன். நிறம் பார்த்தேன். குமிழ் உடையும் சத்தம்கூடக் கேட்டேன். முதலில் தண்ணீர்ச் சத்தம், பிறகு சேற்றுச் சத்தம்.

பக்கோடாவைப் பொரித்த எண்ணெய் வெகுநாள் பழையது. எனக்குத் தெரியவில்லை.

தயாளன் ஒன்றை வாயில் போட்டார், எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். "ஏன் வசு, பெயின்ட்ல பொரிச்சியா?"

"அப்பா, அம்மா என்னை ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே மேல அனுப்பப் பாக்கறாங்க" என்றாள் ஆதிரை.

"உனக்காவது அகமதாபாத்ல ஓட்டல் இருக்கு. நான் எங்க போவேன் சொல்லு?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் உட்காருவதற்கு முன்பே நான் நான்கு பக்கோடா சாப்பிட்டிருந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 10, திங்கள்

அம்மாவின் கையெழுத்து கடைசியில் எறும்பு மாதிரி சிறுத்துப் போனது. இந்த டைரியின் ஜனவரிப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். இப்போதும் அதே அளவில்தான் எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, புதன்

கீழ்ப்பாக்கத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். வீட்டில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். மூக்குக்குள் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு குகை.

"சதை வளர்ச்சி இல்ல, சளி இல்ல. மூக்கு ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார்.

இதைக் கேட்டு மகிழும் நோயாளிகள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள் என்று நினைக்கிறேன். சதை வளர்ந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனவள் நான்.

"சமீபத்துல காய்ச்சல் எதாவது வந்துச்சா?"

"மார்ச்சில ஒண்ணு வந்துது டாக்டர். மூணு நாள்."

"அதுக்கப்புறம்தான் வாசனை போச்சா?"

அதற்கு முன்பே போய்விட்டது. மார்ச்சில் ஆதிரை என் நெற்றியில் தைலம் தடவினாள், எரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. காய்ச்சலால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

"குடும்பத்துல யாருக்காவது கை நடுக்கம், மறதி, அப்படி எதாவது?"

"இல்லை."

அவர் எழுதிக்கொண்டார். எதற்கும் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், நானே நேரம் கேட்டு உங்களைக் கூப்பிடச் சொல்கிறேன் என்றார். வெளியே வந்ததும் வலது கையை நீட்டிப் பார்த்தேன். ஆட்டோக்காரர் என்னைக் கூப்பிடுவதாக நினைத்து வண்டியைத் திருப்பினார். ஏறிக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

சிந்திக் கடி. இதில் தயிரே கிடையாது. மாவை எண்ணெயில் வறுத்துப் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். வெண்டைக்காய், கொத்தவரங்காய், முருங்கைக்காய் எல்லாம் விழுகிறது. ஹர்ஷாபென் தன் கல்லூரித் தோழி வீட்டில் கற்றுக்கொண்டது.

"மாவு எந்த நிறம் வரைக்கும் வறுக்கணும்?" என்று கேட்டேன்.

"நிறம் இன்னாத்துக்கு? மூக்கு எதுக்குக் கீது? வாசனை வந்தா அதுவே கூப்பிடும்." அடுப்புப் பக்கம் திரும்பாமல், முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே சட்டென்று, "வந்துச்சு, வந்துச்சு! இறக்கு!" என்றார்.

நான் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்தது.

"மூக்கடைப்பு இன்னும் போகலயா?" என்று கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

மாலையில் ஆதிரை வாங்கி வந்த புது உடைகளைக் கட்டிலில் பரப்பினாள். பேசிக்கொண்டே இருந்தாள். அங்கே மூன்று பெண்களோடு ஒரு வீடு, மொட்டை மாடி, ஆற்றங்கரையில் நடக்கும் பாதை. அவள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த வயதில் இந்தக் குரல் இருந்தது. பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில் ஆய்வகத்தில் மாணவிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இருந்தது. அம்மாவை இங்கே கொண்டுவந்த பிறகு வேலையை விட்டேன். அம்மாவுக்கு ஊட்டுவதற்கே ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அம்மா போனபோது கல்லூரியில் என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள், எனக்கும் திரும்பிப் போகத் தெம்பு இல்லை.

இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆதிரை அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்து, சீருடையை மாற்றாமல், நான் ஊட்டுவதை வாசல்படியில் நின்று பார்ப்பாள். உள்ளே வரமாட்டாள்.

ஜூன் 17, திங்கள்

நரம்பு மருத்துவரின் அழைப்பு வரவில்லை. வராமல் இருந்தால் நல்லது என்றும் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

கை ஓரளவு அடங்கிய பிறகு எழுதுகிறேன். இது பயத்தில் வந்த நடுக்கம். வேறு எதுவும் இல்லை.

காலை பதினொரு மணிக்கு மராட்டிக் கடி வைத்தேன். பூண்டும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டு, நிறையக் கொத்தமல்லி. பூண்டுகூடவா தெரியாது என்று ஒரு நப்பாசை. ஆதிரை பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போயிருந்தாள். முதல் கொதி வரப்போகும் நேரம் கைபேசி அடித்தது. மருத்துவமனை எண் மாதிரி இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு எடுத்தேன்.

நரம்பு மருத்துவமனையிலிருந்துதான். சனிக்கிழமை காலை நேரம் இருக்கிறது என்றார்கள். வீட்டில் யாருமே இல்லை, இருந்தும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினேன். பேசி முடித்த பிறகும் அங்கேயே நின்றேன். கீழே ஒருவன் தண்ணீர் கேன்களை உருட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

உள்ளே வந்தால் கடி பொங்கி அடுப்பு முழுக்க வழிந்திருந்தது. சுடர் இல்லை. பொங்கி வழிந்தால் அடுப்பு அணைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். துணியை எடுத்துத் துடைத்தேன். மேடையைத் துடைத்தேன். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது, மறுபடி ஒரு கொதி விட்டால் போதும் என்று தோன்றியது. அடுப்பின் குமிழ் திறந்துதான் இருந்தது. லைட்டரை எடுத்தேன்.

"அம்மா! தொடாத!"

ஆதிரையின் குரல் அது என்று முதலில் புரியவில்லை. அவ்வளவு பெரிய குரல். ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி லைட்டரைப் பிடுங்கினாள். குமிழை மூடினாள், குனிந்து ரெகுலேட்டரை அடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். ஃபேனைப் போட என் கை போனபோது அதையும் தட்டிவிட்டாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக என்னை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தாள். பூட்டு வாங்கிய பை நடையில் கிடந்தது.

"லிப்ட்டுலயே வருது கேஸ் நாத்தம். நீ அதுக்கு நடுவுல நின்னு துடைச்சிட்டிருக்க! வரலயா உனக்கு?"

"ஜலதோஷம்டி."

சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றை அதில் கலக்கிறார்கள். இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

ஹர்ஷாபென் வெளியே வந்து பார்த்தார். ஆதிரை அவரிடம், "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, அடுப்பு அணைஞ்சிடுச்சு" என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சமையல நான் அனுப்பறேன். அடுப்புகிட்ட போகாத வசு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காற்று மாறியதும் ஆதிரை என்னைச் சாப்பாட்டு மேசைமுன் உட்காரவைத்தாள்.

"கண்ண மூடு."

"என்னடி விளையாட்டு?"

"மூடும்மா."

அஞ்சறைப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூக்குக்குக் கீழே எதையோ நீட்டினாள். அந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யோசித்துச் சீரகம் என்றேன். அடுத்ததை நீட்டினாள். கிறீச்சென்று தகர மூடி உரசியதால் பெருங்காயம் என்றேன். மூன்றாவதாக நீட்டினாள். சத்தம் எதுவும் இல்லை. நன்றாக இழுத்து முகர்ந்தேன். ஏதோ இருப்பதுபோல்கூட இருந்தது.

"கிராம்பு" என்றேன்.

அடுத்தது வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் வெறும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

"மூணுக்குமே வெறும் கைதான்மா. எத்தன நாளா?"

கொஞ்ச நாளாக என்றேன். எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைபேசியில் தேடுகிறாள் என்று தெரிந்தது. என்ன கிடைக்கும் என்றும் தெரிந்தது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"பாட்டிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

"சேச்சே. அவங்களுக்குக் கடைசி வரைக்கும் மூக்கு நல்லா இருந்துது."

"நிஜமா?"

"உன்மேல சத்தியமா சொல்லணுமா இப்ப?"

சொல்லச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. சனிக்கிழமை நேரம் வாங்கியிருப்பதைச் சொன்னேன். அதுவரை அப்பாவிடம் பேசக்கூடாது என்று கெஞ்சினேன்.

"சரி. நானும் வருவேன். டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை ரயில் ஏறுவேன். வேற எதாவது சொன்னா, வேலை வேணாம்னு அன்னிக்கே மெயில் போட்டுடுவேன். இதுல நீ பேசக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவள் குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை எனக்கு அடையாளம் தெரியும். கல்லூரி முதல்வர் அறையில் என் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நின்றபோது நானும் அப்படித்தான் பேசினேன்.

ஜூன் 21, வெள்ளி

ரெகுலேட்டரைக் கழற்றி எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள். ஹர்ஷாபென் மதியம் தன் கடியும் சாதமும் அனுப்பினார். "அடுப்பு ரிப்பேரா? அப்பாடா, ஒரு நாளாவது நாக்குக்கு விடுதலை" என்றார் தயாளன். ஆதிரை தட்டைவிட்டு நிமிரவில்லை. அவர் அவளையும் என்னையும் பார்த்தார்.

பெட்டி திறந்தபடி கிடக்கிறது. புது உடைகளைப் பாதி அடுக்கிவிட்டு நிறுத்தியிருக்கிறாள். நான் எங்கே போனாலும் பின்னால் வருகிறாள். தண்ணீர் குடிக்கப் போனேன், சமையலறை வாசல்படியில் வந்து நின்றாள். அங்கே நின்று பார்த்தாள்.

நான் இன்று பயப்படுவது என் கைக்காக இல்லை. நடுக்கம் வரட்டும், அது வர இன்னும் பத்து வருடம் ஆகலாம், வராமலேகூடப் போகலாம். அதற்குள் யாராவது எதையாவது கண்டுபிடிக்கலாம். அந்தப் பத்து வருடத்தையும் இவள் அந்தப் படியில் நின்றே கழித்துவிடுவாள் என்பதுதான் என் பயம்.

நாளை மருத்துவமனையில், பரிசோதனைக்கு நோயாளியை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்று சொல்லி அவளை வெளியே உட்காரவைப்பேன். டாக்டரிடம் எதையும் மறைக்கமாட்டேன். அம்மாவைப் பற்றி, பொங்கலைப் பற்றி, எல்லாம் சொல்வேன். எந்த ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் திங்கட்கிழமைக்குக் கேட்டு வாங்குவேன். ஞாயிறு ரயில் நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் தயாளனிடம் சொல்வேன். அதுவரை அடுப்புப் பக்கம் போகமாட்டேன்.

அவளிடம் சொல்ல வேண்டியதை இன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை அவசரப்பட்டேன். அடுத்த தடவை பரவாயில்லை. டாக்டர் உள்ளே என்ன சொன்னாலும் சரி, நான் வெளியே வந்து, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மார்ச்சில் வந்த காய்ச்சல்தான் காரணமாம், ஆறு மாதத்தில் தானாகத் திரும்பிவிடுமாம் என்று சொல்லப்போகிறேன்.